நாள்பட்ட நோய்க்குக் கைபேசிச் செயலி: அளவைப் பதிவு செய்த பிறகு என்ன நடக்கிறது?

சர்க்கரை நோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்களிடம் இப்போது ஆய்வகங்களும் மருந்துக் கடைகளும் காப்பீட்டு நிறுவனங்களும், சில இடங்களில் மருத்துவர்களும்கூட, ஏதாவது ஒரு செயலியைப் பதிவிறக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரு செயலி மாத்திரை நேரத்தை நினைவூட்டுகிறது. இன்னொன்று சாப்பாட்டைப் படம் எடுத்தால் கலோரி சொல்கிறது. மற்றொன்று விரலைக் குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டுவதாக விளம்பரம் செய்கிறது. இவற்றில் நோயைக் கட்டுக்குள் வைக்க மெய்யாகவே உதவுவது எது, வெறுமனே எண்களைச் சேர்த்து வைப்பது எது, உடலுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது எது என்று பிரித்தறிவது நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் எளிதாக இல்லை. அதைப் பிரித்தறிய உதவும் அடிப்படைகளையும், இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டுவதையும், சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்பதையும் வரிசையாகப் பார்க்கலாம்.

மருத்துவர் பார்க்காத நேரம்

முழுமையாகக் குணமாகாமல், ஆண்டுக்கணக்கில் மருந்தும் கண்காணிப்பும் தேவைப்படும் நோய்களை நாள்பட்ட நோய்கள் என்கிறோம். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, ஆஸ்துமா, நாள்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும், 31.5 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டது.

ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. மாதம் தவறாமல் மருத்துவரைப் பார்ப்பவரே ஆனாலும், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் கிடைத்தால் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. மீதி நேரமெல்லாம் நோயை நடத்திச் செல்பவர் நோயாளியே. மாத்திரையை நேரத்துக்கு எடுப்பது, அளவைப் பார்ப்பது, சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்வது, ஆபத்தின் அறிகுறியை உரிய நேரத்தில் உணர்வது என்று அவருக்கு நான்கு வேலைகள் இருக்கின்றன. மருத்துவர் கண்ணில் படாத இந்த நேரத்தில் துணை நிற்பதே செயலிகளின் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தச் செயலி அந்த நான்கு வேலைகளில் எதற்கு, எவ்வளவு துணை நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

1. ஹெச்பிஏ1சி: கடந்த மூன்று மாத அளவில் ரத்தச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதைக் காட்டும் பரிசோதனை. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு எனக் கொள்ளப்படுகிறது. சிகிச்சையில் உள்ள பலருக்கு 7-க்குக் கீழே வைப்பது இலக்கு. முதியவர்களுக்கும் வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவதுண்டு. செயலியால் சர்க்கரை நோய் கட்டுப்பட்டது என்று ஓர் ஆய்வு சொன்னால், பெரும்பாலும் இந்த எண் குறைந்ததைத்தான் குறிக்கிறது.

2. தாழ்சர்க்கரை: ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போவது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். 54-க்குக் கீழே போனால் தீவிர நிலை.

3. வீட்டு ரத்த அழுத்தம்: மருத்துவமனையில் சிலருக்குப் பதற்றத்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதால், வீட்டில் எடுக்கும் அளவுக்கு எல்லை சற்றுக் குறைவு. மருத்துவமனையில் 140/90 என்பது வீட்டில் 135/85-க்கு ஏறக்குறைய சமம்.

4. தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி: தோலுக்கு அடியில் நுண்ணிய இழையைச் செலுத்தி, கையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்ளும் உணரி. இது அளப்பது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அல்ல, திசுக்களுக்கு இடையிலான திரவத்தில் உள்ள சர்க்கரையை. ஆகவே ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் இதில் தெரியச் சில நிமிடங்கள் தாமதமாகும். சாப்பிட்ட உடனேயும் வேகமாக நடக்கும்போதும் கருவி காட்டும் அளவும் விரல் குத்தி எடுத்த அளவும் வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எண் எங்கே போய்ச் சேர வேண்டும்

ஒருவர் காலையில் ரத்த அழுத்தம் பார்க்கிறார், 158/96 என்று வருகிறது, செயலியில் பதிகிறார், செயலி அதைச் சிவப்பு நிறத்தில் காட்டுகிறது. இதுவரை அவருடைய உடலில் எந்த மாற்றமும் நிகழவில்லை. மாற்றம் நிகழ வேண்டுமானால் ஐந்து படிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும்.

1. அளவு சரியாக எடுக்கப்பட வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, மேற்கையில் பட்டையைக் கட்டி, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்தது நம்பத் தகுந்த அளவு. காபி குடித்து அரை மணி நேரம் ஆகாமல் எடுத்தது அப்படியல்ல.
2. அந்த அளவு, சிகிச்சையை மாற்ற அதிகாரம் உள்ள ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும்.
3. அவர் அதைப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அவருக்கு நேரமும், அது தம் பணி என்ற பொறுப்பும் இருக்க வேண்டும்.
4. மருந்தின் அளவோ வகையோ மாற்றப்பட வேண்டும், அல்லது மாற்றத் தேவையில்லை என்று முடிவெடுக்கப்பட வேண்டும்.
5. அந்த முடிவு நோயாளிக்குப் புரியும் சொற்களில் திரும்பி வர வேண்டும். புதிய மருந்து கைக்கும் கிடைக்க வேண்டும்.

சந்தையில் உள்ள பெரும்பாலான செயலிகள் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. அழகான வரைபடமும் வாரச் சராசரியும் தருகின்றன. ஆனால் மறுமுனையில் ஆள் இல்லை. இரண்டாம் படி முதல் ஐந்தாம் படி வரை நடக்க மருத்துவர், செவிலியர், அவர்களுக்கான ஊதியம், மருந்து இருப்பு ஆகிய எல்லாம் வேண்டும். இவற்றை மென்பொருளால் உருவாக்க முடியாது. ஆகவே, ஒரு செயலியின் தரத்தை அதன் திரையை வைத்து மதிப்பிடுவதைவிட அதற்குப் பின்னால் நிற்கும் மனிதர்களை வைத்து மதிப்பிடுவதே சரி என்று நான் கருதுகிறேன். அடுத்து வரும் ஆய்வுகள் இந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன.

ஒரே நோய், இரண்டு ஆய்வுகள், இரண்டு முடிவுகள்

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உடலில் நீர் தேங்கி எடை கூடுவது ஓர் எச்சரிக்கை. வீட்டிலிருந்தே அதைக் கண்காணித்தால் உயிரிழப்பைக் குறைக்கலாம் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் எதிர்பார்ப்பு.

அமெரிக்காவில் 1,653 நோயாளிகளை வைத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2010-இல் வெளியானது. நோயாளிகள் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி அமைப்பை அழைத்து எடையையும் அறிகுறிகளையும் பதிந்தனர். ஆறு மாத முடிவில், மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் அல்லது இறந்தவர்களின் விகிதம் கண்காணிப்புப் பிரிவில் 52.3 சதவீதம்; வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 51.5 சதவீதம். பயன் எதுவும் இல்லை. கண்காணிப்புப் பிரிவில் ஏழில் ஒருவர் அந்த அமைப்பை ஒருமுறைகூட அழைக்கவில்லை. கடைசி வாரத்தில், வாரம் மூன்று முறையாவது அழைத்தவர்கள் 55 சதவீதம்தான்.

ஜெர்மனியில் 1,571 பேரை வைத்து நடந்த இன்னோர் ஆய்வு 2018-இல் வெளியானது. இங்கும் நோயாளிகள் வீட்டிலிருந்தே எடை, ரத்த அழுத்தம், இசிஜி ஆகியவற்றை அனுப்பினர். ஆனால் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியர்களும் கொண்ட மையம் ஒன்று 24 மணி நேரமும் அந்தத் தரவைப் பார்த்து, தேவைப்படும்போது நோயாளியை அழைத்து, மருந்தை மாற்றியது. ஓராண்டில் இறப்பு விகிதம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூறு பேருக்கு 11.3 ஆகவும், இப்படிக் கண்காணிக்கப்பட்டவர்களில் 7.9 ஆகவும் இருந்தது.

இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே நோயாளிகளின் தேர்வு, கருவிகளின் தரம் என வேறு வேறுபாடுகளும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் அடக்கிவிட முடியாது. இருந்தாலும், ஒன்றில் பதிவாகிய தகவலைப் பார்த்து உடனே செயல்பட இரவும் பகலும் ஆள் இருந்தார்கள், மற்றொன்றில் அந்த ஏற்பாடு இல்லை என்பதே கண்ணில் படும் பெரிய வேறுபாடு.

ரத்த அழுத்தத்திலும் இதே போக்கு தெரிகிறது. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு செயலியை 411 பேரிடம் 12 வாரங்கள் சோதித்த அமெரிக்க ஆய்வில், மேல் அழுத்தம் செயலி பயன்படுத்தியவர்களுக்கு 10.6 புள்ளியும், பயன்படுத்தாதவர்களுக்கு 10.1 புள்ளியும் குறைந்தது. அதாவது வேறுபாடு இல்லை. மாறாக, பிரிட்டனில் 622 பேரை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், நோயாளி வீட்டில் எடுத்த அளவு இணையம் வழியாக அவருடைய குடும்ப மருத்துவரைச் சென்றடைந்தது. அழுத்தம் குறையாவிட்டால் அடுத்து எந்த மருந்தைச் சேர்ப்பது என்று மருத்துவர் முன்கூட்டியே திட்டம் எழுதி வைத்திருந்தார். ஓராண்டு முடிவில் இவர்களுடைய மேல் அழுத்தம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 3.4 புள்ளி குறைவாக இருந்தது. தனிமனிதருக்கு இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். லட்சக்கணக்கானோரிடம் இந்த அளவு குறைந்தால் பக்கவாதமும் மாரடைப்பும் கண்ணுக்குத் தெரியும் அளவில் குறையும்.

நினைவூட்டல் மட்டும் ஏன் போதவில்லை

மாத்திரையைத் தவறவிடுவதற்கு மறதி ஒரு காரணம் மட்டுமே. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. அதிக நாள் மாத்திரை எடுத்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று அஞ்சி நிறுத்துகிறவர்கள் உண்டு. கட்டுப்படாத சர்க்கரையும் அழுத்தமும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒருவர் தேவை. மாதக் கடைசியில் மருந்து வாங்கப் பணம் இல்லாதவர்களும், பக்கவிளைவு வந்ததை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. இவர்களில் யாருக்கும் கைபேசியின் மணி ஒலி விடையாகாது.

சில நேரங்களில் நினைவூட்டல் தீங்காகவும் முடியலாம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உணவோடு எடுக்க வேண்டியவை. செவ்வாய்க்கிழமையோ சஷ்டியோ விரதம் இருப்பவரிடம், அவர் சாப்பிடவில்லை என்று அறியாத செயலி வழக்கம்போலக் காலை எட்டு மணிக்கு மாத்திரையை எடுக்கச் சொல்லும். அவரும் எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். விரத நாளில் எந்த மருந்தை விடுவது, எதைக் குறைப்பது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பதே இதற்கு வழி.

இந்திய அனுபவம்: செயலி யாருடைய கையில் இருக்கிறது

நம் நாட்டில் பயன் தந்த முயற்சிகளில் பல, நோயாளியிடம் விலையுயர்ந்த கைபேசி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பியது. இரண்டு ஆண்டு முடிவில் நீரிழிவு வந்தவர்கள் குறுஞ்செய்தி பெற்ற பிரிவில் 18 சதவீதம். பெறாத பிரிவில் 27 சதவீதம். 2013-இல் வெளியான இந்த ஆய்வில் பயன்பட்டது சாதாரணக் கைபேசியின் எஸ்எம்எஸ். இங்கே மறுமுனையில் மருந்தை மாற்றும் ஆள் இல்லையே என்று கேட்கலாம். இவர்கள் இன்னும் நோயாளிகள் ஆகாதவர்கள், மருந்து தேவைப்படாதவர்கள். பழக்கத்தை மாற்ற வேண்டியவர்களுக்குத் தொடர்ந்து வரும் அறிவுரையே ஒரு சிகிச்சையாக அமைந்தது. மேலும், ஒவ்வொருவர் மாற்றத்துக்கு எந்த அளவு ஆயத்தமாக இருந்தாரோ அதற்கேற்பச் செய்திகள் அமைக்கப்பட்டிருந்தன.

2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி வேறொரு வழியைக் காட்டியது. பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இத்திட்டத்தில், ‘சிம்பிள்’ என்ற செயலி பல இடங்களில் செவிலியரின் கைபேசியில் இருந்தது. நோயாளியிடம் இருந்தது க்யூஆர் குறியீடு அச்சிட்ட ஓர் அட்டை மட்டும். அட்டையைக் காட்டினால் பழைய அளவுகள் திரையில் வரும்; புதிய அளவைச் சில நொடிகளில் பதியலாம். அதைவிட முக்கியமானது, குறித்த நாளில் வராதவர்களின் பட்டியலைச் செயலி தானாகவே எடுத்துக் கொடுத்ததும், செவிலியர் அவர்களை அழைத்து வரச் சொன்னதும். கூடவே அம்லோடிபின், டெல்மிசார்டான், குளோர்தாலிடோன் போன்ற சில மருந்துகளை மட்டும் கொண்ட எளிய படிநிலைத் திட்டமும், மருந்து இருப்பை உறுதி செய்யும் ஏற்பாடும் இருந்தன. இத்திட்டம் 2022-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதைப் பெற்றது. செயலிக்குக் கிடைத்த விருதாக இதைப் பார்ப்பது தவறு. செயலி அதில் ஓர் உறுப்பு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வலிமையும் இங்கேதான் இருக்கிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, மாத்திரையைக் கொடுத்துச் செல்கிறார். முன்னே சொன்ன ஐந்து படிகளில் பெரும்பாலானவை அவர் ஒருவரின் வருகையால் இணைகின்றன. இப்படிப்பட்ட பணியாளர்களுக்குக் கருவியாகும் செயலிக்குச் செலவிடும் பணம், நோயாளி தானாகப் பயன்படுத்திக்கொள்வார் என்று நம்பி உருவாக்கும் செயலிக்குச் செலவிடும் பணத்தைவிட அதிகப் பலன் தரும் என்றே தோன்றுகிறது.

ஆனால் பணியாளரின் கையில் கொடுத்துவிட்டாலே போதும் என்றும் சொல்ல முடியாது. ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார மையங்களில், மருந்து முடிவுகளுக்கு உதவும் மென்பொருளைச் செவிலியருக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2019-இல் வெளியான முடிவின்படி, மென்பொருள் இருந்த மையங்களுக்கும் இல்லாத மையங்களுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. இரு தரப்பிலும் ரத்த அழுத்தம் குறைந்திருந்தது; ஏனெனில் இரு தரப்பு ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. பயிற்சி பெற்ற ஊழியரே பெரும் பங்கு வேலையைச் செய்துவிடுகிறார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பதிவு வேறு, நடப்பு வேறு என்பதற்குக் காசநோய்த் திட்டத்தில் ஒரு பாடம் இருக்கிறது. ‘99டாட்ஸ்’ என்ற முறையில், மாத்திரை அட்டையைப் பிரித்தால் உள்ளே மறைந்திருக்கும் எண் தெரியும். அந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் மாத்திரை எடுத்ததாகப் பதிவாகும். சென்னை, வேலூர், மும்பை ஆகிய இடங்களில் நோயாளிகளின் வீட்டுக்கே சென்று சிறுநீரைப் பரிசோதித்துப் பார்த்தபோது, பதிவுக்கும் உண்மைக்கும் கணிசமான இடைவெளி இருந்தது. மாத்திரை எடுத்தும் அழைக்காதவர்கள் இருந்தார்கள். அழைத்தும் எடுக்காதவர்களும் இருந்தார்கள்.

எங்கே ஆபத்து

பயன் இல்லாத செயலியைவிடத் தவறான நம்பிக்கை தரும் செயலி கொடியது. இதுவரை தெரிய வந்த ஆபத்துகளில் முக்கியமானவை நான்கு.

1. இல்லாத திறனைக் காட்டும் அளவீடு. கைபேசிக் கேமராவில் விரலை வைத்தால் ரத்த அழுத்தத்தைச் சொல்லும் என்று விற்கப்பட்ட ஒரு செயலியை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வருக்கு அது ‘அழுத்தம் உயர்வாக இல்லை’ என்று காட்டியிருந்தது. விரலைக் குத்தாமல் சர்க்கரை பார்ப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்கள், மோதிரங்கள் எதற்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலைத் துளைக்கும் உணரி ஏதும் இல்லாமல் தானாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரத்தை நம்பி இன்சுலின் அளவை முடிவு செய்வது உயிரோடு விளையாடுவதாகும்.

2. தவறான கணக்கு. இன்சுலின் அளவைக் கணக்கிடும் 46 செயலிகளைச் சோதித்து 2015-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 67 சதவீதம் தவறான அளவைப் பரிந்துரைக்கும் ஆபத்து கொண்டவை என்று கண்டது. 42 செயலிகள், உள்ளிடப்பட்ட எண் பொருத்தமானதா என்றுகூடச் சரிபார்க்கவில்லை. 120 என்பதற்குப் பதில் 1200 என்று விரல் தவறித் தட்டினாலும் அவை கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும்.

3. ஒலிக்காத எச்சரிக்கை. சர்க்கரை தாழும்போது கைபேசியில் மணி அடிக்கும் என்று நம்பித் தூங்குபவர்கள் உண்டு. கைபேசியை ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் வைத்ததால், இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டதால், அல்லது புதிய ஹெட்போன் இணைக்கப்பட்டதால் எச்சரிக்கை ஒலிக்காமல் போன நிகழ்வுகள் பற்றி அதே அமெரிக்க நிர்வாகம் 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வெளியிட்டது. கைபேசியைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை ஒலியைச் சோதித்துப் பார்ப்பது இதற்கான எளிய காப்பு.

4. மென்பொருள் பிழை கருவியைப் பாதிப்பது. இன்சுலின் பம்ப்பை ஐபோனில் இருந்து பார்க்க உதவும் டி:கனெக்ட் செயலியின் 2.7 பதிப்பு அடிக்கடி நின்று மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் பம்ப்புடன் ப்ளூடூத் தொடர்பு கொண்டதில் பம்ப்பின் மின்கலம் விரைவாகத் தீர்ந்து, இன்சுலின் செலுத்துவது நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. 2024 ஏப்ரல் நடுப்பகுதி வரை 224 பேர் பாதிக்கப்பட்டதாகத் தகவல் வந்திருந்தது.

தரவும் சட்டமும்

ஒருவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்பது காப்பீட்டு நிறுவனத்துக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் விலையுள்ள செய்தி. மருந்துகளுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தரும் அமெரிக்காவின் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்கியவர்களின் பட்டியலைத் தயாரித்து, விளம்பரத்துக்காக ஃபேஸ்புக்கில் ஏற்றியது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023-இல் அந்நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும்; அதாவது தமிழிலும் கிடைக்க வேண்டும். கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கக் கோரவும் உரிமை உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. உடல்நலத் தகவலுக்கென்று தனியான, கூடுதல் பாதுகாப்பை இச்சட்டம் தரவில்லை என்பது ஒரு பெரிய குறை.

நோயைக் கண்டறியவோ கண்காணிக்கவோ சிகிச்சை அளிக்கவோ பயன்படும் மென்பொருளும் மருத்துவக் கருவியே என்று 2020 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கை வரையறுத்தது. நடைக் கணக்கு, உணவுக் குறிப்பு போன்ற பொதுநலச் செயலிகள் இந்த வரையறைக்குள் வருவதில்லை. செயலிக் கடையிலோ இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன.

ஜெர்மனி இந்தக் குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவர முயன்றிருக்கிறது. அங்கே 2019 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அரசு நிறுவனம் ஆராய்ந்து பட்டியலிட்ட செயலியை மருத்துவர் மருந்துச்சீட்டில் எழுதலாம். பொதுக் காப்பீடு பணம் கட்டும். தற்காலிகமாகச் சேர்க்கப்படும் செயலி ஓராண்டுக்குள் தன் பயனை ஆய்வின் மூலம் நிறுவ வேண்டும். நிறுவ முடியாமல் நீக்கப்பட்டவையும் உண்டு. நம் நாட்டுக்கும் இதுபோன்ற பொதுப் பட்டியல் அவசியம் தேவை.

தமிழில் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை

பல செயலிகளில் மொழி தமிழுக்கு மாறினாலும் உணவுப் பட்டியல் மாறுவதில்லை. இட்லிக்கும் தோசைக்கும் ஏதாவது எண் இருக்கும். வெண்பொங்கலுக்கும் வத்தக்குழம்புக்கும் கம்பங்கூழுக்கும் இருக்காது. இருந்தாலும், வீட்டுக்கு வீடு கரண்டியின் அளவும் எண்ணெயின் அளவும் வேறு. இந்தக் கலோரிக் கணக்கை ஏறக்குறைய என்று மட்டும் கொள்ள வேண்டும்.

அளவையின் அலகு இன்னொரு சிக்கல். இந்தியாவில் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று சொல்கிறோம். பிரிட்டன், கனடா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோல் என்ற அலகு. அங்கே 7 என்பது இங்கே 126. பதினெட்டால் பெருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பிய கருவியையோ, அந்நாட்டு அமைப்பில் உள்ள செயலியையோ பயன்படுத்தும் பெற்றோர் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

முதியவர்கள் பலரின் செயலியை உண்மையில் இயக்குபவர் மகளோ மருமகளோ பேரனோதான். அவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் வரும் எச்சரிக்கை யாருக்கும் பயன்படாது. செயலியின் அறிவிப்பு எந்தக் கைபேசிக்கு வர வேண்டும் என்பதைக் குடும்பம் கூடி முடிவு செய்வது நல்லது.

பதிவிறக்கும் முன் கேட்க வேண்டியவை

1. நான் பதியும் அளவை யார் பார்ப்பார்? என் மருத்துவர் இதைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாரா?
2. செயலி தானாக அளக்கிறதா, நான் வேறு கருவியில் எடுத்த அளவைப் பதிகிறதா? தானாக அளப்பதாகச் சொன்னால், அதற்கு உரிமம் இருக்கிறதா?
3. என் தரவை வெளியே எடுத்து, தாளில் அச்சிட்டு மருத்துவரிடம் காட்ட முடியுமா? மருந்துச்சீட்டில் எழுதத்தக்க செயலிகளை உருவாக்கிய அமெரிக்காவின் பேர் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் திவாலானது. நிறுவனம் மூடப்பட்டாலும் நம் பதிவுகள் நம்மிடம் இருக்க வேண்டும்.
4. தொடர்பு எண்கள், இருப்பிடம், புகைப்படங்கள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கிறதா? மாத்திரையை நினைவூட்ட இவை எதுவும் தேவையில்லை.

மருத்துவர் செயலியைப் பார்ப்பதில்லை என்றால், ஒரு நோட்டில் தேதியும் அளவும் எழுதி எடுத்துச் செல்வது அதே வேலையைக் குறைவில்லாமல் செய்யும்.

செயலியைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை வந்தால் அளவு எடுத்துப் பதிந்துகொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மேல் அழுத்தம் 180-க்கு மேலோ கீழ் அழுத்தம் 120-க்கு மேலோ இருந்து, கடும் தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தாலும் அப்படியே. சர்க்கரை 300-ஐத் தாண்டி வாந்தியோ வயிற்று வலியோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வியர்த்து நடுங்கும்போது உணரி ‘சரியாக இருக்கிறது’ என்று காட்டினால், உடனே விரலைக் குத்தி உறுதி செய்ய வேண்டும். குத்தும் கருவி கையில் இல்லையென்றால் உணரியை நம்பாமல், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து நிலையைப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.